‘ரா ஃபுட்டேஜ்’ வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்

திருமணம், காதணி விழா, கோயில் குடமுழுக்கு, சமூக மன்றப் பொங்கல் என எல்லாவற்றையும் இன்று காணொளியாக எடுத்துவிடுகிறோம். ஆனால், படம் எடுப்பவரும் தொகுப்பவரும் பேசும் சொற்கள் நம்மில் பலருக்குப் புரிவதில்லை. அந்தச் சொற்களுக்கு எளிய விளக்கம் தருகிறது இக்கட்டுரை.

என் தாத்தாவுக்கு 80 வயது நிறைந்தபோது குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடி விழா எடுத்தோம். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். விழா முடிவில் தாத்தா ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, தாம் சிங்கப்பூருக்கு வந்த கதையைப் பேசினார். பத்து நிமிடத்துக்கும் மேல் பேசியிருப்பார். அழகான நான்கு நிமிடக் காணொளி ஒன்று சில வாரங்களில் எங்களுக்கு வந்து சேர்ந்தது. தொகுத்துக் கொடுத்த இளையர் என்னிடம் கேட்டார்: “அக்கா, ரா ஃபுட்டேஜ் வேணுமா?”

அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, “வேண்டாம் தம்பி, இதுவே போதும்” என்றேன்.

தாத்தா இப்போது இல்லை. அந்தக் காணொளியில் அவர் பேசுகிறார், உதடுகள் அசைகின்றன, பின்னணியில் பாட்டு ஓடுகிறது. மூலப் பதிவு வேண்டும் என்று பிறகு கேட்டபோது, எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டதாகத் தெரியவந்தது. அந்தத் தம்பிமீது தவறில்லை. அவர் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்.

செய்தியாளராகிக் காணொளிகளைத் தொகுக்கக் கற்றுக்கொண்ட பிறகே, ஒரு சொல் தெரியாததால் எதை இழந்தோம் என்பது புரிந்தது. ஆகவே, அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

ஃபுட்டேஜ்: அடிக்கணக்கில் அளந்த காலம்

படக்கருவியில் பதிவான, வெட்டாத, ஒட்டாத, இசை சேர்க்காத மூலப் பதிவே ‘ரா ஃபுட்டேஜ்’. படச்சுருள் காலத்தில் சுருளை அடிக்கணக்கில் அளந்தார்கள். ‘ஃபுட்’ என்றால் அடி. அதிலிருந்து பிறந்த சொல் இது. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். விநாடிக்கு 24 படங்கள் ஓடினால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி தேவை. ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். இன்று சுருளும் இல்லை, அடியும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கோப்புகளை வகைபிரித்து வைக்கும் இடத்தை ‘பின்’ என்று சொல்வதும் அப்படித்தான். வெட்டிய சுருள் துண்டுகளைத் தொங்கவிட்டுச் சேர்த்து வைத்த துணிக்கூடையின் பெயர் அது. ‘கட்’ என்ற சொல்லோ கத்தரிக்கோலிலிருந்து வந்தது. கணினியில் தொகுக்கும் முறை 1990களில்தான் பரவியது. இந்தியாவில் ஏவிட் கணினித் தொகுப்பை முதலில் பயன்படுத்திய படம் என்று 1994ல் வெளிவந்த கமல்ஹாசனின் ‘மகாநதி’ குறிப்பிடப்படுகிறது.

‘எடிட்டிங்’ என்பதற்குத் தமிழில் ‘படத்தொகுப்பு’ என்கிறோம். எட்டுத்தொகை நூல்களை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைப் பார்த்தால் அதன் பொருத்தம் விளங்கும். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று பாடத்தில் படித்தோம். கிடைத்தவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பது, வரிசைப்படுத்துவது, வேண்டாதவற்றை விடுவது ஆகியவையே தொகுப்பாளரின் வேலை. அவர் விட்டுவிட்டது பிறகு கிடைக்காமலும் போகலாம்.

ஃபிரேம்: விநாடிக்கு எத்தனை படம்?

காணொளி என்பது வேகமாக ஓடும் அசையாப் படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு ‘ஃபிரேம்’, தமிழில் சட்டகம். விநாடிக்கு எத்தனை சட்டகங்கள் என்பதே ‘ஃபிரேம் ரேட்’. திரைப்படத்துக்கு 24, நம் தொலைக்காட்சிக்கு 25, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஏறத்தாழ 30.

இந்த வேறுபாட்டுக்கு மின்சாரமே காரணம். சிங்கப்பூரின் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி, அமெரிக்காவில் 60. தொலைக்காட்சி முறைகளை வகுத்தவர்கள் அதில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15ஆம் தேதி தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 1974ல் வண்ணம் வந்தபோது 25 சட்டகங்கள் கொண்ட ‘பால்’ முறையே பின்பற்றப்பட்டது. பழைய அலைவரிசை ஒளிபரப்பு 2019 ஜனவரி 2ஆம் தேதி நிறுத்தப்பட்டு முழுவதும் மின்னிலக்கமாகிவிட்டது. ஆனாலும், 25 என்ற எண் இன்றும் நம்மோடு இருக்கிறது.

இதனால் நமக்கு என்ன? தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலை ஒளியூட்டைக் கைப்பேசியில் எடுத்தவர்கள், படத்தில் விளக்குகள் சிமிட்டுவதையோ கரும்பட்டைகள் மேலும் கீழும் நகர்வதையோ பார்த்திருப்பீர்கள். விளக்கு கெட்டுப்போகவில்லை. நம் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது, படக்கருவிக்குத் தெரியும். கைப்பேசிகள் பெரும்பாலும் 30 சட்டகங்களுக்கு அமைக்கப்பட்டே வருகின்றன. 25க்கு மாற்றி, ‘ஷட்டர்’ வேகத்தை 1/50 விநாடி என்று வைத்தால், ஒவ்வொரு சட்டகத்திலும் சரியாக இரண்டு ஒளித்துடிப்புகள் விழும். சிமிட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐஃபோனில் கேமரா அமைப்புகளுக்குள் ‘பால்’ முறையைக் காட்டும் தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் 25 தென்படும். மற்றக் கைப்பேசிகளில் ‘புரோ’ முறையில் தேடிப் பாருங்கள்.

ரெசல்யூஷன், ஆஸ்பெக்ட் ரேஷியோ: அளவும் வடிவமும்

படத்தில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பது ‘ரெசல்யூஷன்’. முழு எச்டி என்பது 1,920 × 1,080, அதாவது 2 மில்லியனுக்குச் சற்று அதிகமான புள்ளிகள். 4கே என்பது 3,840 × 2,160. அகலத்திலும் உயரத்திலும் இருமடங்கு என்பதால் மொத்தப் புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. கோப்பின் அளவும் அதற்கேற்பக் கூடும்.

அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’. தொலைக்காட்சிக்கும் யூடியூபுக்கும் 16:9 கிடைவடிவம். டிக்டாக், இன்ஸ்டகிராம் ரீல்ஸ் ஆகியவற்றுக்கு 9:16 நெடுவடிவம். “இதையே ரீல்ஸாகவும் போட்டுக்கொடுங்கள்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கிடைவடிவப் படத்தின் நடுப்பகுதியை நெடுவடிவமாக வெட்டினால், மூலப் படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மணமக்கள் இருப்பார்கள், இருபுறமும் நிற்கும் பெற்றோர் வெளியே போய்விடுவார்கள். எந்த வடிவம் வேண்டும் என்பதைப் படமெடுக்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பழைய தொலைக்காட்சியின் விகிதம் 4:3. அந்தக் காலத்துக் கல்யாணப் படத்தை இன்றைய திரை முழுவதும் நிறையும்படி இழுத்துவிட்டால், ஒல்லியான பாட்டியும் பருத்துத்தான் தெரிவார். இருபுறமும் கறுப்பு ஓரம் இருந்தால் இருக்கட்டும்.

டைம்லைன், கட்: வினைச்சொல் வரை காத்திருங்கள்

தொகுப்புச் செயலியைத் திறந்தால் கீழே நீளமாகத் தெரிவது ‘டைம்லைன்’, அதாவது காலக்கோடு. மேலடுக்கில் படமும் கீழடுக்கில் ஒலியுமாகத் துண்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு ‘டிராக்’.

ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் ‘கட்’. ஒரே கோணத்தில் ஒருவர் பேசும்போது நடுவில் கொஞ்சம் வெட்டி எடுத்தால் அவர் தலை சட்டென்று துள்ளும். அது ‘ஜம்ப் கட்’. யூடியூபில் பேசுபவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். துள்ளலை மறைக்க விரும்பினால், அந்த இடத்தில் வேறொரு காட்சியைப் போடலாம். தேக்கா சந்தையில் கடை வைத்திருப்பவர் பேசும்போது, அவர் கை மீனை வெட்டுவதையோ தராசில் நிறுப்பதையோ காட்டுவோமே, அந்தத் துணைக்காட்சிகளே ‘பி-ரோல்’.

அடுத்த காட்சியின் ஒலி முன்கூட்டியே கேட்கத் தொடங்கினால் ‘ஜே-கட்’. முந்தைய காட்சியின் ஒலி அடுத்த காட்சியிலும் தொடர்ந்தால் ‘எல்-கட்’. காலக்கோட்டில் துண்டுகள் நிற்கும் வடிவத்தை வைத்து ஆங்கில எழுத்துகளின் பெயரைச் சூட்டினார்கள். எல்-கட்டுக்கு நம் ‘ட’ எழுத்தும் பொருந்தும்: மேலே படம் நின்றுவிட, கீழே ஒலி வலப்பக்கம் நீள்கிறது. நாகசுர ஓசை முதலில் கேட்டு, பிறகு மண்டபம் தெரிவது ஜே-கட். நம்மையறியாமல் பலமுறை ரசித்திருப்போம்.

இங்கே தமிழுக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. மறுப்பும் கடைசியில்தான் வருகிறது. “பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை” என்கிறார் ஒருவர். “பேச வேண்டும்” என்ற இடத்தில் வெட்டிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். தமிழ் தெரியாத தொகுப்பாளருக்கு அங்கே வாக்கியம் முடிந்ததுபோல் கேட்கலாம். பள்ளியிலோ அமைப்பிலோ எடுத்த நேர்காணலைத் தமிழறியாத ஒருவர் தொகுத்தால், வெளியிடும் முன்பு தமிழ் தெரிந்த ஒருவர் மூலப் பதிவோடு ஒப்பிட்டுக் கேட்பது அவசியம்.

ஒலி: படத்தைவிட முக்கியம்

படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வோம். ஒலி கெட்டால் உடனே அடுத்த காணொளிக்குப் போய்விடுவோம்.

மின்னிலக்கப் பதிவில் ஒலியின் உச்ச வரம்பு 0 டெசிபல். அதைத் தாண்டும் ஒலியின் முனை வெட்டுப்பட்டு ‘கரகர’ என்று கேட்கும். இதுவே ‘கிளிப்பிங்’. பிறகு எவ்வளவு குறைத்தாலும் முழுமையாகச் சரியாகாது. தவில் அருகில் படக்கருவியை வைத்தவர்களுக்கு இது தெரியும். பேச்சின் உச்சம் கழித்தல் 12க்கும் கழித்தல் 6க்கும் இடையில் இருப்பது பாதுகாப்பு.

‘ரூம் டோன்’ என்பது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் ஒலி. புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்விசிறி, தொலைவில் செல்லும் பேருந்து, விளையாடும் பிள்ளைகள் எல்லாம் கலந்த ஒலி அது. நேர்காணல் முடிந்ததும் அரை நிமிடம் எல்லாரும் அமைதியாக இருந்து அதைப் பதிவு செய்வோம். வெட்டிய இடங்களில் அதை நிரப்பினால் இடைவெளி தெரியாது. “ஏன் தம்பி சும்மா நிக்கிறீங்க?” என்று கேட்கும் பெரியவர்களிடம் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

நிறம்: திருத்துவதும் வெளுப்பதும்

விளக்கொளிக்கு ஏற்ப வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி படக்கருவியை அமைப்பது ‘வைட் பேலன்ஸ்’. தொகுப்பின்போது வெளிச்சம், நிறம் ஆகியவற்றை இயல்பு நிலைக்குக் கொண்டுவருவது ‘கலர் கரெக்‌ஷன்’. அதன்மேல் ஒரு மனநிலைக்கு ஏற்றவாறு வண்ணம் பூசுவது ‘கலர் கிரேடிங்’.

வெள்ளை வேட்டியும் பளபளக்கும் மேடையும் உள்ள காட்சியில், தானியங்கி அமைப்பு வெளிச்சம் அதிகம் என்று கருதி மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முகம் கறுத்துவிடும். முகத்தைத் திரையில் தொட்டு வெளிச்சத்தை அமைத்தால் இது சரியாகும். நிழற்படச் சுருள் காலத்தில், நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’களில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. கறுத்த தோலுக்கு ஏற்ற பதிவு நெடுநாள் கவனிக்கப்படாமல் போனதற்கு அதுவும் ஓர் அடையாளம். இன்றைய கருவிகள் எவ்வளவோ மேம்பட்டுள்ளன. ஆனால், மணப்பெண்ணின் முகத்தை இரண்டு படி வெளுத்துக் கொடுப்பதைக் கலர் கரெக்‌ஷன் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றால், முன்பே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரெண்டர், எக்ஸ்போர்ட், கோடெக்

“ரெண்டர் ஆகிறது, நாளைக்குத் தருகிறேன்.” நம்மில் பலரும் கேட்ட பதில் இது. காலக்கோட்டில் செய்த வெட்டு, வண்ணம், எழுத்து எல்லாம் அதுவரை வெறும் கட்டளைகளே. அவற்றை ஒவ்வொரு சட்டகமாகக் கணக்கிட்டுப் படமாக்குவது ‘ரெண்டர்’. ஒரு மணிநேரக் காணொளியில் 25 வீதம் 90,000 சட்டகங்கள் உள்ளன. அதனால்தான் தாமதம். முடிவில் கிடைப்பதைத் தனிக் கோப்பாக வெளியே எடுப்பது ‘எக்ஸ்போர்ட்’. கனமான கோப்புகளால் கணினி திணறினால், அவற்றின் சிறிய நகல்களை வைத்துத் தொகுத்துவிட்டு, கடைசியில் மூலத்தை இணைப்பார்கள். அந்தச் சிறிய நகல் ‘பிராக்சி’.

எம்பி4, எம்ஓவி என்பவை கோப்பு உறைகள். அவற்றைத் தூக்குச்சட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. உள்ளே படத்தையும் ஒலியையும் எப்படிச் சுருக்கி அடைத்திருக்கிறார்கள் என்பதே ‘கோடெக்’. 2003ல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடும். 2013ல் வந்த எச்.265 இன்னும் நன்றாகச் சுருக்கும். ஆனால் பழைய கணினிகள் திணறும். “எம்பி4 கோப்புதானே, ஏன் அப்பா கணினியில் ஓடவில்லை?” என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

விநாடிக்கு எவ்வளவு தரவு என்பது ‘பிட்ரேட்’. விநாடிக்கு 50 மெகாபிட் என்றால், எட்டால் வகுத்து 6.25 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 375 மெகாபைட், ஒரு மணிநேரத்துக்கு 22.5 கிகாபைட். மூலப் பதிவை எவரும் காலமெல்லாம் வைத்திருக்க முடியாமல் போவது இதனால்தான்.

வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பும்போது பிட்ரேட் வெகுவாகக் குறைக்கப்படுகிறது. இழந்த விவரம் திரும்ப வராது. மூலத்தை அனுப்ப வேண்டுமானால் ‘ஆவணம்’ என்ற தெரிவின்வழி அனுப்புங்கள். 2 கிகாபைட் வரை செல்லும்.

சப்டைட்டில்: கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம்

வசனத்தையும் அது தோன்றி மறையும் நேரத்தையும் எழுதிவைத்த சிறு கோப்பு ‘எஸ்ஆர்டி’. திரைக்காட்சியோடு நிரந்தரமாகப் பதித்துவிட்டால் பார்ப்பவர் அதை நிறுத்த முடியாது. தனிக் கோப்பாக இருந்தால் வேண்டியபோது இயக்கலாம், பிழையையும் திருத்தலாம்.

தமிழ் எழுத்து திரையில் உடைவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக நிற்கும். யூனிகோடில் எழுதிய தமிழை, எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாத செயலி காட்டும்போது இப்படி நேர்கிறது. அடோபி பிரீமியரில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கு உரியதாக மாற்றினால் சரியாகிவிடும். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்குக் காணொளி தயாரிக்கும் மாணவர்கள், முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் ‘கொ, கோ, கௌ’ மூன்றையும் திரையில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

அலமாரியில் இருக்கும் நாடா

ஈசூனிலோ பாசிர் ரிஸிலோ, பல வீடுகளில் 1980, 90களின் விஎச்எஸ் நாடாக்கள் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவியைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. நம் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். கோப்பாக மாற்றக் கொடுக்கும்போது, நாடா ‘பால்’ முறையில் உள்ளது, 4:3 விகிதத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரிந்தால் ‘டி-இன்டர்லேஸ்’ செய்யச் சொல்லுங்கள்.

கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

காணொளி எடுக்க ஒருவரை அமர்த்தும்போது இவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்:

• மூலப் பதிவு கிடைக்குமா? கூடுதல் கட்டணம் எவ்வளவு?

• மூலப் பதிவை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள்?

• உரைகள் இசை கலக்காமல் முழுமையாகக் கிடைக்குமா?

• கிடைவடிவமா, நெடுவடிவமா, இரண்டுமா?

• பின்னணி இசைக்கு உரிமம் உண்டா? திரைப்பாடலைப் போட்டு யூடியூபில் ஏற்றினால் ஒலி முடக்கப்படலாம்.

கைக்கு வந்ததும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறொரு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில் என்ற முறையைப் பின்பற்றுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாட்டி எதையாவது சொல்லத் தொடங்கினால், தம்பி கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்துப் பதிவு செய்கிறான். இசையும் கிடையாது, வெட்டும் கிடையாது. சமையலறையில் குக்கர் விசில் அடிப்பதும் அதில் இருக்கிறது. பாட்டியின் குரல் தெளிவாகக் கேட்கிறது.